தன்குரல் கேட்பியல்: சில முடிவுகள்

உலகில் எந்த மனிதனும் தன் குரலைத் தாமதமின்றிக் கேட்டதில்லை. இதை முதலிலேயே நிறுவிவிடுவது நல்லது. இல்லையென்றால் கணினியின் மேல் வீண்பழி விழும். வாய்க்கும் காதுக்கும் உள்ள தூரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. 17 சென்டிமீட்டர் என்று கொள்க. (ஆய்வாளர் இதைத் தையற்காரரின் இஞ்ச் டேப்பால் தம் முகத்திலேயே அளந்தார். கன்னத்தின் மேடு கணக்கில் கழிக்கப்பட்டது.) சாதாரண அறை வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். ஆகவே நாம் சொன்ன சொல் நம் உதட்டை விட்டுக் கிளம்பி நம் காதுக்கே வந்து சேர அரை மில்லிநொடி ஆகிறது. "மைக்கில் பேசுவது ஹெட்போனில் அப்படியே உடனே கேட்கணும், துளிக்கூடத் தாமதம் கூடாது" என்று கேட்பவர்கள், படைத்தவனே கொடுக்காத ஒன்றைத் தவணையில் வாங்கிய மடிக்கணினியிடம் கேட்கிறார்கள் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

இனி ஆய்வின் எல்லை. மைக், கணினி, ஹெட்போன், இவற்றுக்கு நடுவே ஒரு மனிதர். கரோக்கியில் இளையராஜா பாட்டைப் பாடிப் பதிவு செய்பவர், ஒலிநூல் வாசிப்பவர், வீட்டிலிருந்து வகுப்பெடுக்கும் ஆசிரியர், நள்ளிரவில் விளையாட்டு ஆடிக்கொண்டே கூட்டாளிகளுக்குக் கட்டளையிடும் இளைஞர் ஆகிய நால்வகையினரும் இதனுள் அடங்குவர். ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு இந்த முயற்சியில் இறங்குவோர் அடங்கார். அவர்களுடைய சிக்கல் தாமதம் அன்று, ஊளை.

"நம் குரலை நாமே கேட்டு என்ன ஆகப்போகிறது, பேசினால் போதாதா?" என்பாரும் உளர். அக்கூற்றை மறுக்கச் சான்று உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது-தொண்டை மருத்துவர் 1911-இல் எடுத்துக்காட்டினார். காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிப் பாட்டையும் ஓட விட்டால் இரண்டு கேடும் சேர்ந்து வருகின்றன: வெளி இரைச்சலின் இடத்தில் பாட்டு, காற்று வழியே வர வேண்டிய சொந்தக் குரலுக்கு அடைப்பு. மிஞ்சுவது மண்டையோட்டு எலும்பு வழியே வரும் குரல் மட்டும். அதில் அடித்தொண்டை தூக்கலாக இருக்கும், தெளிவு இருக்காது. இதன் களச்சான்று எல்லா வீட்டிலும் கிடைக்கும்.

"ஏன்டா இப்படிக் கத்துற?"

"கத்தலம்மா, சாதாரணமாத்தான் பேசுறேன்."

இவ்விடையும் கத்தலாகவே வெளிப்பட்டது என்பதை ஆய்வாளர் அடுத்த அறையிலிருந்து உறுதி செய்கிறார்.

தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இது பழைய சங்கதி. பேசுபவரின் குரலில் ஒரு சிறு பங்கை அவருடைய ரிசீவருக்கே திருப்பி விடுவார்கள். அந்தப் பங்கு அதிகமானால் ஆள் குரலைத் தாழ்த்திவிடுவார், எதிர்முனைக்குக் கேட்காது. குறைந்தால் கத்துவார், எதிர்முனைக்குக் காது வலிக்கும். எவ்வளவு திருப்பி விடுவது என்பதற்கென்றே தனி மின்சுற்று இருந்தது. நூறாண்டுத் தொலைபேசி வரலாற்றில் ஒருவரும் வாய்விட்டுப் பாராட்டாத சேவை இதுவாகத்தான் இருக்கும்.

ஆக, தன் குரல் கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் என்பதே வினா.

இதற்கு விடை சொன்னவர் பெர்னார்டு லீ. தான் பேசுவதையே டேப் ரிக்கார்டரின் உதவியால் சற்றுத் தாமதித்துக் காதில் கேட்க வைத்தால், நன்றாகப் பேசுகிற ஆளும் திக்குகிறார், அசையைத் திரும்பச் சொல்கிறார், இழுக்கிறார் என்று அமெரிக்காவில் 1950-இல் எழுதினார். பின்வந்தவர்கள் அளந்து பார்த்ததில், மிகக் கொடிய தாமதம் ஏறக்குறைய 200 மில்லிநொடி என்று தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அதைவிட நீண்ட தாமதம் இந்த அளவுக்குக் குழப்புவதில்லை என்பது. அரை நொடி கழித்து வரும் குரலை "யாரோ பேசுகிறார்கள்" என்று மூளை ஒதுக்கிவிடும். 200-இல் வருவதை ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. வாய் ஓர் அசையில் நிற்க, காது முந்தைய அசையில் நிற்கும்.

இக்கண்டுபிடிப்பைச் சமுதாய நலனுக்குப் பயன்படுத்த முனைந்தவர்கள் ஜப்பானியர்கள். கசுதகா குரிஹரா, கோஜி சுகதா இருவரும் சேர்ந்து, தூரத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் குரலைப் பிடித்து, சிறிது தாமதித்து அவர்மீதே திருப்பி ஏவி, பேச்சை நிறுத்த வைக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். 2012-இல் அதற்கு ஒலியியலுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கு இது இன்னும் வந்து சேராதது வியப்பே.

நம்மூரில் இதே கருவி பல்லாண்டுகளாகத் தெருவில் கட்டப்பட்டு வருகிறது. பொதுக்கூட்டத்தில் மேடைக்கு எதிரே, கடைத்தெருக் கோடியில் மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஏறத்தாழ 70 மீட்டரில் இருந்தால், பேச்சாளரின் சொல் சரியாக 200 மில்லிநொடியில் அவரிடம் திரும்பி வரும். நம் மேடைப் பேச்சாளர்கள் ஒவ்வொரு சொற்றொடருக்கும் இடையே நிறுத்தி, மூச்செடுத்து, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடரும் முறைக்கு இலக்கியக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அக்குழாயும் ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளரின் ஊகம். ஊகம் மட்டுமே, முனைவர் பட்டத்துக்கு யாரேனும் எடுத்துக்கொள்ளலாம்.

கணினிக்கு வருவோம். விண்டோஸில் இதற்கொரு பெட்டி இருக்கிறது. மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலது சொடுக்கி, சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள் இன்னும் ஆழமாகப் போய், ரெக்கார்டிங் பட்டியலில் மைக்கை இருமுறை சொடுக்கினால் 'லிசன்' என்றொரு தாள் வரும். அதில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்ற கட்டத்தில் டிக் அடித்து அப்ளை கொடுக்க வேண்டும். அடித்ததும், தமிழ்நாட்டில் மைக் கையில் கிடைத்த யாரும் சொல்வதையே நீங்களும் சொல்வீர்கள்: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." நீங்கள் 'டூ'வை நெருங்கும்போது 'ஒன்' காதில் வந்து இறங்கும். 'த்ரீ' சொல்ல மனம் வராது.

ஏன் இப்படி? மைக்கிலிருந்து கணினிக்குள் நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் வருகின்றன. அவை வந்தவுடன் ஒவ்வொன்றாக அனுப்பப்படுவதில்லை. பஃபர் என்பது ஷேர் ஆட்டோ. சீட்டு நிறையாமல் கிளம்பாது. 64 பேர் ஏறும் ஆட்டோ என்றால் 1.3 மில்லிநொடியில் நிறைந்துவிடும். 1,024 பேர் ஏறுவது என்றால் 21 மில்லிநொடி நிற்கும். உள்ளே வர ஓர் ஆட்டோ, வெளியே போக ஓர் ஆட்டோ, ஆகவே இரட்டிப்பு. விண்டோஸில் நடுவே ஒரு ஸ்டாண்டும் உண்டு. யூடியூப் பாட்டு, வாட்ஸ்அப் மணி, மெயில் வந்த 'டிங்' எல்லாரையும் இறக்கி, கலந்து, ஒன்றாக ஏற்றி அனுப்பும் இடம் அது. அங்கே பொதுவாக 10 மில்லிநொடிக்கு ஒரு வண்டிதான். 'லிசன்' கட்டத்தின் வழி போகிற குரல் இத்தனை இடத்திலும் காத்திருந்து, போதாக்குறைக்கு முன்னெச்சரிக்கையாக வைத்திருக்கும் கூடுதல் இருப்பிலும் நின்றுவிட்டு வருகிறது.

"எல்லாவற்றையும் சின்ன ஆட்டோவாக விட்டால் என்ன?" விடலாம். ஓட்டுநர் ஒருவர்தான். 1.3 மில்லிநொடிக்கு ஒருமுறை வண்டியை எடுத்தாக வேண்டும். இடையில் வைரஸ் தேடும் நிரலோ அப்டேட்டோ அவரைக் கூப்பிட்டுவிட்டால் ஒரு நடை தப்பும். தப்பிய நடை காதில் 'பட்' என்று வெடிக்கும். ஆகவே இத்துறையில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட உரிமை, தாமதத்தையும் கரகரப்பையும் முன்னால் வைத்துக்கொண்டு எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ என்ற வழி, ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே ஒலிக்கருவிக்குப் போகிறது. நல்ல கருவியும் நல்ல டிரைவரும் அமைந்தால் போய் வர 10 மில்லிநொடிக்குள் முடியும். அப்போது பல கணினிகளில் மற்ற நிரல்களின் சத்தம் நின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

10 மில்லிநொடி என்பது 3.4 மீட்டர் தள்ளி நின்று பேசுபவர் நம் காதை எட்டும் நேரம். பேசுவதற்கு அது பெரும்பாலோரை உறுத்தாது. பாடுபவர்கள் வேறு இனம். அவர்களுக்கு 5-இலேயே முகம் சுளிக்கும், ஆனால் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள், "குரல் என்னவோ மாதிரி இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. எலும்பு வழிக் குரல் முன்னே வந்துவிட, ஹெட்போன் குரல் சில மில்லிநொடி பிந்தி வந்து அதனோடு கலக்கும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேய்ந்துபோகும். ஒரு மில்லிநொடி பிந்தினால் 500 ஹெர்ட்ஸ் அடிபடும், அதாவது பெண்குரல் மேல்ஸ்தாயிக்குப் போகும் இடம்.

தாமதத்தை அளக்க விரும்பும் வாசகருக்குச் செலவில்லாத முறை ஒன்று. 'லிசன்' கட்டத்தை டிக் அடித்துவிட்டு, ஹெட்போன் சத்தத்தைக் குறைவாக வைத்து, அதன் ஒரு காதை மைக்கின் மேல் சாய்த்து வையுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவை ஓட விட்டு மைக்கை விரலால் ஒருமுறை சுண்டுங்கள். திரையில் ஒரு கூர்முனையும், அதன் பின்னால் சரிசமமான இடைவெளியில் தேய்ந்து தேய்ந்து சில முனைகளும் விழும். அந்த இடைவெளிதான் உங்கள் தாமதம். ப்ளூடூத் ஹெட்போனில் இதைச் செய்யாதீர்கள், மனம் நோகும். ப்ளூடூத் தன் பங்குக்கு மட்டும் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிநொடி சேர்க்கும். பணத்தைக் கொட்டி வாங்கிய கம்பியில்லாக் கருவி, லீ சொன்ன திக்குவாய் எண்ணுக்கு அருகில் போய் உட்கார்கிறது. முந்நூறு ரூபாய் ஒயர் ஹெட்போன் இந்த இடத்தில் ஜெயிக்கும்.

வரலாற்றிலும் ஒரு வார்த்தை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஸ்பீக்கர் படத்தை இருமுறை சொடுக்கினால் வரிசையாக நெம்புகள் வரும்; அதில் 'மைக்ரோபோன்' என்று ஒன்று, கீழே 'மியூட்' டிக்கோடு. டிக்கை எடுத்தால் போதும், குரல் அக்கணமே ஸ்பீக்கரில் கேட்கும். இன்டெல் 1997-இல் வகுத்த ஏசி97 முறைப்படி செய்த ஒலிச் சில்லுக்குள்ளேயே மைக்கை நேராக வெளியீட்டில் கலக்கும் மின்வழி இருந்தது. குரல் எண்ணாக மாறவே இல்லை, கணினியின் மூளைக்குத் தெரியவே தெரியாது. 2007-இல் விஸ்டாவோடு ஒலி அமைப்பு புதிதாக எழுதப்பட்டபின் அந்த நெம்பு கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. சில கணினிகளில் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் 'லெவல்ஸ்' தாளுக்குள் இன்றும் ஒளிந்திருக்கும். கண்டவர்கள் வெளியே சொல்வதில்லை.

இங்கிருந்தே இவ்வாய்வின் இரண்டாம் முடிவு பிறக்கிறது: கணினியில் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்க வேண்டுமானால், கணினியை அதில் சேர்க்கக் கூடாது. இன்று விற்கும் யூஎஸ்பி மைக்குகள் பலவற்றின் அடியில் ஹெட்போனுக்கென ஒரு துளை உண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளின் முகப்பில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் உண்டு. இரண்டும் பழைய ஏசி97 வேலையையே செய்கின்றன: குரல் கணினிக்கும் போகட்டும், காதுக்கும் நேராக வரட்டும். ஹெட்போனைக் கணினியில் செருகாமல் மைக்கில் செருக வேண்டும், அவ்வளவே. துளை இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் 'லிசன்' கட்டத்தோடு மல்லாடுகிறவர்கள் இருக்கிறார்கள். துளையைக் கண்டபின்னும் கட்டத்தை எடுக்க மறந்து, ஒரே குரலை இரண்டாகக் கேட்டு, மைக் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாசகருக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, 'லிசன்' கட்டத்தில் டிக் அடித்தவர் ஹெட்போனைக் கழற்றும் முன் அதை எடுத்துவிடுக. அது கணினியை அணைத்து எழுப்பினாலும் போகாது. மறுநாள் காலை ஸ்பீக்கர் வழியே ஊளையாக வந்து வீட்டையே எழுப்பும். இரண்டாவது, துளையுள்ள மைக்கும் இல்லை, வாங்கவும் வழியில்லை என்றால், ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்கள் செய்வதைச் செய்க: ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னே தள்ளிவிட்டுப் பாடுக. தள்ளிய பக்கத்துச் சத்தத்தை அடைத்துவிட்டால் பாட்டு மைக்குக்குள் கசியாது. தாமதம் அரை மில்லிநொடி, டிரைவர் எதுவும் நிறுவ வேண்டியதில்லை.