கீசரில் ஏதோ சத்தம்

எனக்கும் அமெரிக்கக் கிடார் கலைஞர் செட் அட்கின்ஸுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஆஸ்துமா. படுத்தால் மூச்சு முட்டும் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடார் வாசித்து, அப்படியே தூங்கிப்போவாராம். நானும் உட்கார்ந்தபடிதான் தூங்கினேன், கணக்கு வகுப்பில். ஒற்றுமை அதோடு சரி.

அட்கின்ஸ் 1924இல் டென்னசி மாநிலத்து லட்ரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். யுகுலேலேயில் ஆரம்பித்து, ஃபிடிலுக்குத் தாவி, ஒன்பது வயதில் சகோதரனிடம் ஒரு பழைய கைத்துப்பாக்கியைக் கொடுத்து, அவன் வேலைகளையும் செய்வதாக ஒப்புக்கொண்டு கிடாரை வாங்கினார். நானும் பல கருவிக் கலைஞன்தான். கீபோர்டு, மவுத் ஆர்கன், கிடார். மூன்றிலும் ஒரே பாட்டு வரும். கேக் வெட்டி முடித்ததும் என்னை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

அட்கின்ஸ் மாதிரி வாசிக்க, கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் பிடித்தபடி இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்க வேண்டும். அவருக்கு முன்னோடியான மெர்ல் டிராவிஸ் என்ற கிடார் கலைஞர் இதைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை வைத்தே சமாளித்தார். வானொலியில் காதால் மட்டும் கேட்ட அட்கின்ஸ், இதற்கு இன்னும் விரல்கள் வேண்டும் என்று நினைத்து, கூடுதல் விரல்களோடு பழகிவிட்டார். தப்பாகப் புரிந்துகொண்டதே அவர் பாணி ஆயிற்று. நான் யூடியூபைப் பாதி வேகத்தில் ஓட்டிச் சரியாகவே புரிந்துகொண்டேன். புரிந்தது விரல்வரை போகவில்லை.

எதிரொலி நன்றாக இருக்கிறதென்று பள்ளிக்கூடக் கழிவறையில் அவர் சாதகம் செய்ததைப் படித்த அன்றே, ஸ்டூலோடு பாத்ரூமுக்குள் போனேன். எதிரொலி பிரமாதம். ஒவ்வொரு தப்பும் இரண்டு தடவை கேட்டது. பத்தாவது நிமிஷம் கதவு தட்டப்பட்டது. "ஏங்க, கீசர்ல ஏதோ சத்தம் வருது. ஆஃப் பண்ணிட்டு வெளிய வாங்க."

அவர் வேலை போன கதைகளைத்தான் நான் அடிக்கடி படிப்பேன், ஆறுதலுக்கு. மிசௌரியில் ஒரு வானொலி நிலையம், வாசிப்பில் நாட்டுப்புற வாசனை போதவில்லை என்று வீட்டுக்கு அனுப்பியது. 1957இல் நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் பொறுப்பு கைக்கு வந்ததும், அந்தப் போதாமையையே காசாக்கினார். கன்ட்ரி எனப்படும் நாட்டுப்புறப் பாட்டுகளில் ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் ஓரங்கட்டி, வயலின் வரிசையையும் கோரஸையும் கொண்டுவந்தார். (ஃபிடிலும் வயலினும் ஒரே கருவிதான், உடுப்புதான் வேறு.) இந்தப் பாணிக்கு நாஷ்வில் சவுண்ட் என்று பேர். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் பாக்கெட்டில் சில்லறையைக் குலுக்கிக் காட்டுவாராம். பின்னாளில் கன்ட்ரி இசையை இப்படி மாற்றியதற்காக மன்னிப்பும் கேட்டார். என்னைக் கேட்டால், அவர் தயாரித்த பாட்டுகளைவிட அவர் தனியாகக் கிடார் வாசித்த தட்டுகளே உசத்தி.

நானும் ஒரு தடவை தயாரிப்பாளரானேன். மச்சான் பாட்டு, என் கிடார், செல்போனில் பதிவு. போட்டுக் கேட்டபோது, அதில் சுருதி விலகாமல் இருந்தது சமையலறைக் குக்கர் மட்டும்.

கிடார் இப்போது பீரோமேல் கிடக்கிறது. இரண்டு கம்பி தானாக அறுந்தது. மூன்றாவதை, மணி பிளான்ட் கொடியை ஜன்னலில் கட்டுவதற்காக மனைவி கழற்றிக்கொண்டாள். செடி நன்றாக வருகிறது.