யார் அந்த அட்மின்?

சென்னை கிண்டிப் பக்கம் மொட்டைக் கடுதாசிக்கு எப்போதும் மவுசுதான். 2015-இல் பெயர் போடாத புகார் ஒன்று டெல்லி மனிதவள அமைச்சகத்துக்குப் போக, சர்தார் படேல் சாலை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்-பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிபோனது. நாடே சத்தம் போட்ட பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். எழுதியவருக்கு ஒரு தாளாவது செலவாகியிருக்கும்.

இன்றைய வாரிசுகளுக்கு அதுவும் மிச்சம். கல்லூரிக்குக் கல்லூரி மீம் பேஜ், கன்ஃபெஷன் பேஜ். கூகுள் ஃபார்மில் யார் வேண்டுமானாலும் கொட்டலாம், அட்மின் அதற்கு வடிவேலுவைப் போட்டு ஏற்றுவார். "செகண்ட் இயர் ஈ.சி.ஈ., மஞ்சள் சுடிதார், நேத்து கேன்டீன்ல யாரோட?" பெயர் சொல்லவில்லையே, அதனால் குற்றமில்லையாம். கமென்ட்டில் நாலு நிமிடத்தில் அவளை டேக் செய்துவிடுவார்கள். அவள் அழுதால், "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கோ தங்கச்சி." தங்கச்சியாம்!

அதிகாரத்தைக் கலாய்க்க முகமூடி வேண்டும் என்றால் நானே வாங்கித் தருவேன். 2024 ஜூலையில், ஒரே ஆசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டிய கூத்தை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. 353 பேர்! மறுமாதம் அண்ணா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலி காலியானது, அடுத்த ஆண்டு மே மாதத்திலும் காலி. இதைவிடவா தீனி வேண்டும்? ஏன் இதை மீம் ஆக்கவில்லை என்று அட்மினைக் கேட்டால், "இன்டர்னல் மார்க்ல கை வெச்சுருவாங்க ப்ரோ." ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, பேஜுக்கு இளைத்தவள் மஞ்சள் சுடிதார்.

2024 டிசம்பர் 23 இரவு அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கையோ அடையாளத்தோடு இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். சரி, கோளாறு அதை வெளியே விட்டது. போன் போனாகச் சுமந்து போனதும் கோளாறா? ஃபார்வர்டு பட்டனை அழுத்திய விரல்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லையா? எதிர்க்கட்சி "யார் அந்த சார்?" என்று போஸ்டர் ஒட்டியது, அதையும் நம் பிள்ளைகள் டெம்ப்ளேட் ஆக்கிச் சிரித்தார்கள். உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது. ஃபார்வர்டு செய்தவர்கள் டேட்டா பேக் காசைத் தவிர ஒரு பைசா கொடுக்கவில்லை.

2025 ஜூன் 2-இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 ஆண்டுகளுக்குச் சலுகை கிடையாது. ஆக, கிண்டியில் மறைந்திருக்க உரிமையுள்ளவள் அம்பலப்பட்டாள். மறைய எந்த நியாயமும் இல்லாத அட்மின் பத்திரமாக இருக்கிறார்.

தம்பி அட்மின், ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மீமின் மூலையில், வாட்டர்மார்க் போடும் இடத்தில், உன் பெயரையும் ரோல் நம்பரையும் போடு. அதன் பிறகும் அது சிரிப்பாக இருந்தால் போஸ்ட் பண்ணு.