தச்சன் எழுதிய நாடகம்

விக்டோரியா காலத்து மெலோடிராமா எழுத மொழிப்புலமை தேவைப்படவில்லை. கெட்டிக்காரத் தச்சன் ஒருவனின் சிநேகிதம் போதும். வில்லன் உறுமுவதும் கதாநாயகி விம்முவதும் இடத்தை நிரப்பத்தான். காசு கொடுத்தவன் வந்ததே இன்றைக்கு எது எரியும், எது மூழ்கும் என்று பார்க்க.

இந்தச் சூட்சுமம் அத்துப்படியானவர் டப்ளின்காரர் டயான் பூசிகோ. 1857இல் நியூயார்க் மேடையில் ஒரு வீட்டையே கொளுத்தினார். செந்நெருப்புப் பொடி பற்றிக்கொள்ள, நிஜத் தீயணைப்பு வண்டி மேடையேற, கல்லா நிரம்பியது. கதை என்னவோ பாரிஸிலிருந்து சுட்டது. 1864இல் அதே வீடு லிவர்பூலில் 'லிவர்பூல் ஏழைகள்' என்று எரிந்தது. லண்டனில் 'லண்டன் தெருக்கள்' என்று எரிந்தது. ஊர்ப்பெயரை மாற்றினால் போயிற்று, சாம்பலுக்கு ஏது சொந்த ஊர்!

அடுத்து தண்ணீர். 1860இல் வந்த 'கொலீன் பான்' நாடகத்தில் கதாநாயகியை ஏரிக்குள் தள்ளிவிடுகிறான் ஒரு பாவி. ஏரி என்பது நீல நிற மெல்லிய துணி. அதைப் பிடித்து உதறி அலை கிளப்பப் பையன்கள். குதித்துக் காப்பாற்றுகிறவர் பூசிகோவேதான். காப்பாற்றப்படுகிறவர் அவர் மனைவி ஆக்னஸ் ராபர்ட்சன். கட்டிய மனைவியைத் தினமும் கரையேற்றி, அதற்குக் கூலியும் வாங்கிய ஒரே புருஷன் இவராகத்தான் இருக்கும். விக்டோரியா மகாராணி 1861இல் மூன்று முறை வந்து பார்த்தார். இரண்டாம் முறை, அந்தப் பெண் பிழைப்பாளா என்ற கவலையில் வந்திருக்க மாட்டார்.

1867இல் நியூயார்க்கில் அகஸ்டின் டேலி ரயிலையே மேடையில் ஓட்டினார். தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்டது பெண் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, போரில் ஒரு கையை இழந்த ஆண். பக்கத்துக் கொட்டகையில் அடைபட்ட லாரா என்ற பெண் கோடரியால் கதவைப் பிளந்து வெளியே வந்து அவனை இழுத்துப்போடுகிறாள். ரயில் தடதடவென்று கடந்துபோவதற்கு முன்பே, தண்டவாளத்தில் கிடந்தபடியே அவன் பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத கொடுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறான்!

மறு ஆண்டே லண்டனில் பூசிகோவின் 'ஆஃப்டர் டார்க்'. தண்டவாளத்தில் மயங்கிக் கிடக்கும் ஆள், சுவரை உடைத்து வந்து காப்பாற்றும் கிழவன், பாய்ந்துவரும் பாதாள ரயில். நாடகம் நியூயார்க் வந்ததும் டேலி கோர்ட்டுக்குப் போனார். திருடு போனதாக அவர் சொன்னது வசனத்தை அல்ல; ரயிலை. வசனமே இல்லாவிட்டாலும் நிகழ்ச்சிகளின் கோவை ஆசிரியருக்கே சொந்தம் என்றது 1868 தீர்ப்பு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அட்டை ரயிலில் ஏறி முன்னேறியது இப்படித்தான்.

வழக்கு அதோடு நிற்கவில்லை. 1890இல் பூசிகோ போய்ச்சேர்ந்தார். 1899 ஜூனில் டேலியும். வேறொருவர் அதே ரயிலை ஓட்டிய வழக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டு இறுதியில் டேலி பக்கமே ஜெயித்தது.