சுகப்பிரசவம் ஜோசியருக்கு

கர்ப்பிணியின் ஃபைலைத் திறந்தால் மேலே ஸ்கேன் ரிப்போர்ட், அதற்கடுத்து ரத்தப் பரிசோதனை, இரண்டுக்கும் நடுவில் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று. பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, பால்பாயின்ட் பேனாவில்: ‘காலை 7.10 – 7.35. தவறினால் 10.40 – 11.05.’ நான்கு மூலையிலும் மஞ்சள். அந்த ஃபைலிலேயே வீட்டார் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்ட ஒரே தாள் அதுதான். மருமகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். பிறக்கப்போகிற பேரனின் லக்னத்தைக் கேளுங்கள், மாமனார் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேலும் மகப்பேறு படித்து வந்தவருக்கு நம் ஊரில் கிடைத்திருக்கிற வேலை, ஜோசியர் குறித்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் அறுப்பது. குறித்துக் கொடுத்தவர் கர்ப்பிணியைப் பார்த்ததில்லை. பார்க்க அவசியமும் இல்லை, எட்டு மாதமா ஒன்பதா என்று தோராயமாகச் சொன்னால் போதும். தட்சணை வெற்றிலையில் வந்துவிடும். நாளைக்குக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியைத்தான் உடைப்பார்கள், ஜோசியர் வீட்டுத் திண்ணையில் ஒரு கல்லும் விழாது.

காரணங்களைக் கேட்டால் வயிறு எரியும். மூலத்தில் பெண் பிறந்தால் மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யம் மாமியாரைத் தூக்கிவிடும், கேட்டை மூத்த மைத்துனரை, விசாகம் இளையவரை. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்லக் கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் ஒருவேளை பெண்ணாகிவிட்டால் என்று முன்னெச்சரிக்கை. அதாவது, இன்னும் பிறக்காத ஒரு பெண் இருபத்தைந்து வருடம் கழித்துக் கட்டிக்கொள்ளப் போகிற, முகம் தெரியாத ஒருவனுடைய அப்பாவைக் காப்பாற்ற, இன்று கட்டிலில் கிடக்கும் பெண்ணின் வயிற்றைக் கிழிக்க வேண்டும். இந்தத் தியாகத்துக்கு அவளை யாரும் கேட்கவில்லை.

தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். அதே வாயால் நேரத்தை மாற்றினால் தலையெழுத்து மாறும் என்றும் சொல்வார்கள். இதில் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்து ஒரு தர்க்கம் வேறு: தலை வெளியே வந்ததா நேரம், தொப்புள்கொடி அறுத்ததா, முதல் அழுகையா? மயக்க மருந்து டாக்டர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், ‘இன்னும் நாலு நிமிஷம்தான் சார் இருக்கு’ என்று நர்ஸை விரட்டுவார்கள். முதுகில் ஊசி போடும் கைக்கு அவசரம் எவ்வளவு நல்லது பாருங்கள்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 44.9 சதவீதம். இந்தியச் சராசரி 21.5. அரசு ஆஸ்பத்திரியில் 36 சதவீதம், தனியாரில் 63.8. ஒரே ஊர்ப் பெண்ணின் இடுப்பெலும்பு அரசு ஆஸ்பத்திரி வாசலில் அகலமாகவும் தனியார் வாசலை மிதித்ததும் குறுகலாகவும் ஆகிவிடுமா என்ன! இவ்வளவையும் ஜோசியர் தலையில் கட்ட முடியாது. முதல் பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரம்கூட நீளும், நடுராத்திரியில் வரும், ஞாயிற்றுக்கிழமை பார்க்காது. ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடியும், பில்லும் பெரியது. ஆஸ்பத்திரிக்கு வசதியான நேரமும் ராகுகாலம் தவிர்த்த நேரமும் எப்போதும் ஒத்துப்போவது ஒரு தெய்வச் செயல்தான். முடியாது என்று மறுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வந்த கேஸ் அன்று சாயங்காலமே எதிர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது.

சிசேரியனே வேண்டாம் என்கிற இயற்கை வைத்திய கோஷ்டி இதைப் படித்துக் கைதட்ட வேண்டாம். குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு கருப்பை வாயை அடைத்துக்கொண்டாலும், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலும் அந்தக் கத்திதான் இரண்டு உயிரையும் காக்கும். என் கோபமெல்லாம் காரணமே இல்லாமல் தேதி குறிக்கிறவர்கள் மேல். 39 வாரம் முடியுமுன், வலியே வராமல் வெளியே எடுத்த குழந்தையின் நுரையீரலில் தண்ணீர் வடியாமல் மூச்சு இரைக்கும் வாய்ப்பு அதிகம். ராஜயோக லக்னத்தில் பிறந்த கலெக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடப்பார். அடுத்த முறை கர்ப்பமானால், பழைய தழும்பில் நஞ்சு ஒட்டிக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் கருப்பையையே எடுக்க நேரலாம். அந்தக் கட்டத்துக்கு எந்த ஜாதகத்திலும் பரிகாரம் எழுதியிருக்கவில்லை.

இனி அவள் பாடு. தையல் பிடித்து இழுக்க, கட்டிலை விட்டு இறங்கக் கூன் போட்டு நிற்கிறாள். பால் இறங்கத் தாமதமாகிறது. ‘இவளுக்குப் பாலே இல்ல’ என்று தீர்ப்பு. சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு சேனை வைக்க குடும்பத்தில் ராசியான நாக்குள்ளவரைத் தேடுகிறார்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். அப்படியிருந்தும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். பிறக்கும் நிமிடத்தைத் துல்லியமாகப் பிடித்த குடும்பத்துக்கு அதற்கடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கவலையில்லை.

அப்போது வருவார் பெரியம்மா, காலண்டர் தாளைக் கொண்டுவந்து கொடுத்த அதே பெரியம்மா. ‘இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வலி தாங்குற சக்தி எங்க இருக்கு? நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே பெத்துட்டு வந்தோம்.’ உண்மைதான் பெரியம்மா. வரப்பிலிருந்து வீடு திரும்பாதவர்கள் கதை சொல்ல இன்று இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். சம்மதப் படிவத்தைப் புருஷனிடம் நீட்டுவார்கள், அவர் அப்பாவைப் பார்ப்பார், அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். நினைவோடு இருக்கிற, வயதுவந்த பெண்ணின் உடம்பில் செய்யும் அறுவைக்கு அவளுடைய சம்மதம்தான் வேண்டும், அவளைப் பெற்ற தாயே கையெழுத்திட்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. சொல்லிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆகவே அம்மணி, உங்களுக்குத் தேதி சொன்னால், என்ன மருத்துவக் காரணம், எத்தனை வாரம் முடிந்திருக்கிறது, வலி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆபத்து என்று கேளுங்கள். பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘சுக்கிர ஹோரை’ என்று எழுத எந்த டாக்டருக்கும் கை வராது.