புக்குக்கா, ஷோவுக்கா?

அலமாரி செய்ய வந்த ஆசாரி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுப்பதற்கு முன்பே கேட்டார்: "சார், புக்குக்கா, ஷோவுக்கா?"

ஷோவுக்கு என்றால் நாலடி அகலத்துக்கு ஒரே பலகை போதுமாம். புக்குக்கு என்றால் முக்கால் இன்ச் பிளைவுட்டே ஆனாலும் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் வேண்டுமாம். "இல்லன்னா ரெண்டே வருஷத்துல தொப்பை போட்ரும் சார்" என்றவர், ஏனோ என் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தாங்கல் வைத்தே செய்தோம். பதினோரு வருஷமாகப் பலகைக்குத் தொப்பை விழவில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தில் அலமாரி தன்னைத் தானே அலங்கரித்துக்கொண்டது. கரண்ட் பில் அட்டை, டெய்லர் ரசீது, ஒரு காது உடைந்த மூக்குக் கண்ணாடி, தலைவலித் தைலம், எந்தப் பூட்டுக்கும் சேராத நாலு சாவிகள். போதாததற்கு ஒரு மளிகைக்கடைச் செட்டியார். எந்த வருஷத்துக் கொலுவிலோ இறங்கியவர், பொம்மைகளெல்லாம் பரணுக்குப் போனபோது விட்டுப்போனார். செட்டியாரம்மாள் மேலே, இவர் மட்டும் அசோகமித்திரனுக்கும் கி. ராஜநாராயணனுக்கும் நடுவில், விற்காத துவரம்பருப்போடு.

2023 மே மாதம் பெங்களூரிலிருந்து மகள் லீவில் வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். "அப்பா, இது ஷெல்ஃப் இல்ல. குடோன்."

கைபேசியில் படம் படமாகக் காட்டினாள். எல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு அலமாரிகள். மூன்றில் ஒரு பங்கு புத்தகம், ஒரு பங்கு அலங்காரச் சாமான், மிச்சம் ஒரு பங்கு சும்மா இருக்க வேண்டுமாம். அலமாரி மூச்சுவிடுவதற்கு. இரண்டு அறை ஃபிளாட்டில் மனிதர்களே முறைபோட்டு மூச்சுவிடுகிறோம் என்பதை நான் சொல்லவில்லை. லீவில் வந்த பெண்ணிடம் எந்த அப்பாவும் வாதாடுவதில்லை.

முதலில் நிறவாரியாக அடுக்கினாள். இதில் அடிபட்டது 'பொன்னியின் செல்வன்'. கல்கி நாட்டுடைமை ஆன பிறகு பதிப்பகத்துக்குப் பதிப்பகம் அந்த நாவலைப் போட்டார்கள். நானும் கண்காட்சிக்குக் கண்காட்சி பத்து சதவீதக் கழிவில் ஒவ்வொரு பாகமாக வாங்கினேன். அஞ்சு பாகமும் அஞ்சு நிறம். 'புதுவெள்ளம்' நீலத் தட்டில் புறப்பட்டது. 'சுழற்காற்று' மஞ்சளில் மேலே அடித்தது. 'கொலைவாள்' சிவப்பில், சமையல் குறிப்புகளோடு. வந்தியத்தேவன் குதிரையிலும் படகிலும் இத்தனை அலைந்ததில்லை.

நிறத்துக்குச் சிக்காதவை பைண்டு வால்யூம்கள்தான். என் அம்மா வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளை மட்டும் உருவி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ போட்டு வாங்கிய தொகுதிகள். ஒரு பக்கம் கதாநாயகி கண்ணீர்விடுவாள், மறுபக்கம் கூந்தல் தைல விளம்பரமோ, தலையில்லாத ஒரு ஜோக்கோ இருக்கும். ஜோக்கின் பதில் மட்டும் நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறது, கேள்வி யார் வீட்டில் என்று தெரியாது. வானவில்லில் இல்லாத அந்தப் புழுதி நிறத்துக்கு "விண்டேஜ்" என்று பேர் சூட்டி, மூன்றைப் படுக்கவைத்து மேலே ஒரு பித்தளை விளக்கை நிறுத்தினாள். அம்மாவின் இருபது வருஷ உழைப்பு விளக்குக்குப் பீடமாயிற்று.

இரண்டே நாளில் அவளுக்கே வானவில் அலுத்துவிட்டது. காரணம், முதுகெழுத்து. இங்கிலீஷ் புத்தகங்களில் பேர் மேலிருந்து கீழே இறங்கும். நம் பதிப்பகங்களில் சிலருடையது இறங்கும், சிலருடையது கீழிருந்து ஏறும். எங்கள் அலமாரியில் ஒரு புத்தகம் தேடுவதென்றால் தலையை வலது தோளுக்கும் இடது தோளுக்குமாகச் சாய்க்க வேண்டும். கழுத்துவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியும் அதுவேதான். மகளுக்கு இது அலங்கோலமாகப் பட்டது. அத்தனை புத்தகங்களையும் திருப்பி, முதுகு சுவர்ப்பக்கமும் தாள் வெளிப்பக்கமுமாக வைத்துவிட்டாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. "பாருங்கப்பா, ஒரே டோன்!" என்றாள். உண்மைதான். பழுத்த ஓலை நிறத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எது எந்தப் புத்தகம் என்பதுதான் தெரியவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நாலாவது. அவருக்கு மகள் முறையில் யாரும் லீவில் வரவில்லை போலும்.

அந்துருண்டையையும் வசம்பையும் எடுத்துவிட்டு வாசனை மெழுகுவத்தி வைத்தாள். மெழுகுவத்தி யாரை ஈர்த்ததோ, ராமபாணப் பூச்சி குடும்பத்தோடு திரும்பி வந்தது. பைண்டர் தாராளமாகத் தடவியிருந்த மாவுப் பசை அதற்குப் பந்தி. எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை கண்டது அது ஒன்றுதான்.

மே 19, வெள்ளிக்கிழமை. ராத்திரிச் செய்தியில் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறப் போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. என்னிடம் ஏது 2,000 என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். ஒரு மணி வாக்கில் விழிப்பு வந்தால் கூடத்தில் வெளிச்சம். மனைவி ஸ்டூல் மேல் ஏறி, புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவி, உதறி, வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடற?"

"ஒண்ணுமில்லீங்க. ஏதாவது படிக்கலாம்னு."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் நெகிழ்ந்துபோனேன். தி. ஜானகிராமனில் தொடங்கலாமா, சின்னச் சிறுகதையில் தொடங்கலாமா என்று ஆலோசனை சொன்னேன். அவள் காதில் வாங்காமல் அடுத்ததை உதறினாள். நானும் கூட உட்கார்ந்து திருப்பிப் பார்த்துப் பேர் சொல்லிக்கொண்டே வந்தேன். விடியப் போகும் நேரத்தில், "இது மார்க்ஸோட மூலதனம், தியாகு மொழிபெயர்ப்பு. இது உனக்கு எதுக்கு..." என்று நான் முடிப்பதற்குள் கையிலிருந்து பிடுங்கினாள். உள்ளேயிருந்து எட்டு ரோஸ் நோட்டுகள் விழுந்தன.

சிறுவாடு. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போனபோது அரிசி டப்பாவிலிருந்து வெளியே வந்து குட்டு உடைந்த பிறகு இடத்தை மாற்றியிருக்கிறாள்.

"போயும் போயும் இதிலயா வெச்ச?"

"வேற எதுல வெச்சாலும் நீங்க எடுத்துடுவீங்க. இதைத்தான் வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவீங்க, பிரிக்க மாட்டீங்க."

ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றிருந்ததால் அவளுடைய 16,000 ஒரே நடையில் மாறிவிட்டது. மகள் ஊருக்குப் போன மறுநாள் புத்தகங்களை எல்லாம் முகத்தைத் திருப்பி வைத்தோம். மெழுகுவத்தி கரண்ட் போனபோது எரிந்து தீர்ந்தது. விளக்கு இருந்த இடத்தில் இப்போது டெய்லர் ரசீது. செட்டியார் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரோஷம் வந்தது. இனியும் காட்டிக்கொண்டு மட்டும் இருக்கக் கூடாது, முதல் பக்கத்திலிருந்து படித்துவிடுவது என்று ஸ்டூலைப் போட்டு 'மூலதன'த்தில் கைவைத்தேன்.

அடுக்களையில் தாளிக்கும் சத்தம் நின்றது.

"ஏங்க, அதை எதுக்கு இப்ப எடுக்கறீங்க?"