ரூட்டண்ணன்

பறம்பிக்குளத்திலிருந்து மூணாறுக்கு நடந்தே போய்விடுவது என்று தீர்மானித்தவர்கள் பாலக்காட்டின் கிழக்கோரத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வாய்த்தவர் ரூட்டண்ணன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மேப்பை விரிப்பார். அதன் நான்கு மூலைக்கும் நான்கு பேருடைய கிளாஸ் வேண்டும். அதனால் அவர் மடிக்கும்வரை யாரும் சாயா குடிக்க முடியாது.

மேப்பில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு சிவப்புக் கோடு. இரண்டு முனையும் கேரளம், வயிறு முழுக்கத் தமிழ்நாடு. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் வால்பாறையும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கிடக்கின்றன. பாலக்காட்டுக்காரன் தன் மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போகவே பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போயாக வேண்டும். அண்ணனின் கோடு இதையெல்லாம் பார்க்காமல் பறம்பிக்குளம், ஆனைமலை, இரவிகுளம் மூன்றையும் கிழித்துக்கொண்டு நேராகப் போகிறது. உள்காட்டில் அப்படி இஷ்டத்துக்கு நடக்க யாரையும் விடமாட்டார்கள் என்பது அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் தைரியமாக இரண்டு மாநில வனத்துறைக்கும் விண்ணப்பம் எழுதுகிறார்.

"எப்பத்தானுங்ணா கிளம்புறீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். "ஜூன்ல இடவப்பாதி மழை. அட்டை விடாது. அது ஓஞ்சா துலாவர்ஷம். மார்கழில மூணாறுப் புல்லு மேல உறைபனி. பிப்ரவரி வந்தா வரையாடு குட்டி போடும், இரவிகுளத்தை அடைச்சுருவாங்க. அப்பறம் மழை எறங்கற வரைக்கும் காட்டுத்தீ."

கடைசி வார்த்தைக்கு மட்டும் கடையில் யாரும் சிரிப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 23 பேரைத் தீ கொண்டுபோனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் பன்னிரண்டு மாதத்தையும் இப்படிச் சட்டப்படி அடைத்துவிட்டு, அதற்கப்புறம் அவர் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அது பென்ஷன் நாளில்கூட வராது.

"அப்ப போறதே இல்லீங்களா?"

"குறிஞ்சி பூக்கறப்ப."

2006-இல் பூத்தது, வங்கியில் ஆடிட். 2018-இல் பூத்தது, ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுக்கு வழியே இல்லை. அடுத்தது 2030. பை மட்டும் இப்போதே தயார்.

பை என்றால் அறுபது லிட்டர் பை. மளிகைக்கடைத் தராசில் 18 கிலோ காட்டியது. குறைத்தே தீருவது என்று துவர்த்துத் துண்டைப் பாதியாகக் கிழித்தார், பேஸ்ட்டில் பாதியைப் பிதுக்கி எறிந்தார். அவல், பொட்டுக்கடலை உருண்டை, புளிக்காய்ச்சல், நேந்திரங்காய் வறுவல் பக்கம் மட்டும் கையே போகவில்லை. "காட்டுல தெம்பு வேணுமல்லோ!" வறுவல் கெட்டுவிட்டதா என்று ராத்திரி ராத்திரி சோதித்துப் பார்ப்பதில் மாதம் ஒரு பாக்கெட் தீர்கிறது. ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்; மொட்டைமாடியில் காயும் மிளகாயை எடுத்துவரச் சொன்னால் முட்டி வலிக்கும்.

அவர் மனதார மதிக்கும் நடையாளி ஒருவன்தான்: அரிக்கொம்பன் என்ற காட்டுயானை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அவன் மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே கடைசியில் கம்பம் டவுன் தெருவுக்குள் வந்து நின்றான். டிவி முன்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணன், "ரெண்டு ஸ்டேட்டு! பர்மிஷன் இல்ல, பையில்ல!" என்று பெருமூச்சு விட்டார். பக்தியா பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதே வீட்டில் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறார். ஒரு மஞ்சப்பை, மாற்றுச் சேலை, கிழிக்காத முழுத் துவர்த்து. கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் என்று ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ராத்திரி படுக்கக் கிடைத்த மண்டபம், பசிக்கு அன்னதானப் பந்தல். திட்டம் என்று பார்த்தால், பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்வதோடு சரி. அண்ணன் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தார்ரோட்டில் நடப்பது ட்ரெக்கிங் ஆகாதாம்.

இந்தத் தையில் அண்ணன் முக்குவரைக்கும் வழியனுப்ப வந்தார். காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக் கிளம்பிவிட்டது.

"ஏனுங்க, நீங்களும் இப்படியே வந்துருங்களேன்," என்றார் அக்கா.

அண்ணன் குனிந்து காலைப் பார்த்தார். "ஷூ இன்னும் பழகல. நீ ஒண்ணு செய்யி, போற வழில தண்ணி எங்கெங்க கிடைக்குதுன்னு மறக்காம குறிச்சுட்டு வா."