ஐவர் மகிமை

உலக அமைதிக்கு எந்த நாட்டால் ஆபத்து என்று எங்கள் மலையூரான பண்ணைக்காட்டில், டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவர் அமெரிக்கா என்றார், இன்னொருவர் ரஷ்யா என்றார், பெஞ்சுக் கோடியில் இருந்தவர் சீனா என்றார். நன்றி கெட்ட பேச்சு! பிரிட்டனையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு, ஐ.நா. பாதுகாப்பு சபையில் எழுந்திருக்கவே தேவையில்லாத நாற்காலியில் அமர்ந்து, நம்மைக் காவல் காப்பவர்கள் அல்லவா அவர்கள்?

காவலுக்கு வருபவர் வெறுங்கையோடு வரலாமா? உலகில் உள்ள சுமார் 12,000 அணுகுண்டுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும்தான். எங்கள் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கினால் தகரம் தட்டுவோம், வெடி போடுவோம்; மலையையே கொளுத்தத் தோன்றியதில்லை. அவ்வளவு தொலைநோக்கு எங்களுக்கு ஏது? தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் புகழ்ந்த அவ்வை இன்று வந்தால், இந்த ஐவர் கொட்டிலையும் பார்த்து முடிக்க அதியமானின் நெல்லிக்கனி தந்த ஆயுளும் போதாது.

நீதியிலும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்குக்காரர் திண்ணையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பாதுகாப்பு சபையில் அந்த அவமானம் இல்லை. அணுப்போரில் யாரும் வெல்ல முடியாது, அதை நடத்தவே கூடாது என்று 2022 ஜனவரி 3 அன்று ஐவரும் கூட்டாக அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை நடத்தியது. மறுநாள் அதைக் கண்டிக்கும் தீர்மானம் சபைக்கு வந்தபோது, அந்த மாதத் தலைவர் ரஷ்யா. வீட்டோ போட்டதும் ரஷ்யா. பிரதிவாதியும் நாட்டாமையும் ஒரே ஆள் என்றால் எவ்வளவு சிக்கனம்!

அமெரிக்காவின் அக்கறை தனி ரகம். 2003இல் பேரழிவு ஆயுதம் தேடி, பிரிட்டனையும் கூட்டிக்கொண்டு ஈராக்குக்குப் போனது. ஆயுதம் அகப்படவில்லை, அதற்காகத் தேடியதில் குறை சொல்ல முடியாது, நாட்டையே புரட்டிப் போட்டுத்தான் தேடியது. பிரான்ஸ் பெருந்தன்மையில் கர்ணன். தன் குண்டை வெடித்துப் பார்க்கும் பாக்கியத்தை அல்ஜீரியப் பாலைவனத்துக்கும் பாலினேசியத் தீவுகளுக்கும் தானமாகக் கொடுத்தது. சீனாவோ தென்சீனக் கடலில் மண்ணைக் கொட்டித் தீவு எழுப்பி, வரப்பே இல்லாத இடத்திலும் வரப்புத் தகராறுக்கு வழி செய்தது.

நம்மை மட்டும் குறைத்துச் சொல்வானேன்? 1974இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்குச் சிரிக்கும் புத்தர் என்று பெயர் வைத்தோம். புத்தருக்கு வேறு எதைக் கண்டு சிரிப்பு வரப்போகிறது?

இத்தனை வேலைக்கு நடுவிலும் ஐவர் எங்களை மறக்கவில்லை. உலகுக்குப் பொட்டாஷ் தரும் பெரிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. உக்ரைன் போர் மூண்ட ஆண்டு, எங்கள் மலைவாழைக்குப் போடும் பொட்டாஷ் மூட்டை விலை எகிறியது. வழக்கு அவர்களுடையது, தீர்ப்பும் அவர்களுடையது; தண்டம் கட்டும் பெருமையை மட்டும் பண்ணைக்காட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்துப் போவதுதானே அமைதி?